குழி தோண்டாமல் புதிய குழாய்

வீட்டில் குடிநீர்க் குழாய் பழுதானால் உடனே தெரிந்துவிடும். சொட்டும் நீரே காட்டிக் கொடுத்துவிடும். மின்கம்பியில் கோளாறு என்றால் விளக்கு அணைந்து அறிவித்துவிடும். மண்ணுக்கடியில் கிடக்கும் கழிவுநீர்க் குழாய் அப்படியன்று. அது பல ஆண்டுகளாக மெல்ல மெல்லக் கெட்டு, பிறகு ஒரு நாள் தன் நோயை வெளிப்படுத்துகிறது. குளியலறை நீர் வடியத் தாமதமாகிறது. கழிப்பறையில் நீர் ஊற்றினால் பக்கத்துக் குளியல் தொட்டியில் குமிழிகள் எழுகின்றன. தோட்டத்தில் ஓரிடத்துப் புல் மட்டும் காரணம் தெரியாமல் செழித்து வளர்கிறது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நகரங்களின் பழைய பகுதிகளில் இத்தகைய வீடுகள் ஏராளம். அவற்றுள் ஒன்றை நாம் கற்பனை செய்துகொள்வோம். அது 1920ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய வீடு. வீட்டிற்கும் தெருவிற்கும் இடையே புல்வெளி; கார் செல்லச் சிமெண்டுப் பாதை; ஓரத்தில் அறுபது எழுபது வயதுள்ள ஒரு பெரிய மரம். இவற்றின் அடியில் 1.5 மீட்டர் ஆழத்தில், 10 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள சுட்டமண் குழாய் ஒன்று 15 மீட்டர் தொலைவு ஓடித் தெருச் சாக்கடையில் சேருகிறது. இந்தக் குழாய்தான் இப்போது விரிசல் விட்டுவிட்டது. என்ன செய்வது?

முன்பெல்லாம் இதற்கு ஒரே வழிதான் இருந்தது. மேலே இருப்பவற்றையெல்லாம் வெட்டி அகற்றி, நீளமாகக் குழி தோண்டி, பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியதைப் பதிக்க வேண்டும். 1970ஆம் ஆண்டுக்குப் பிறகு வேறு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்றில், பழைய குழாயின் உள்ளேயே புதிய குழாய் வார்க்கப்படுகிறது. மற்றொன்றில், பழைய குழாயை உடைத்துக்கொண்டே புதிய குழாய் அதன் இடத்திற்கு இழுத்து வரப்படுகிறது. புல்வெளியும் பாதையும் மரமும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. இது எப்படி முடிகிறது? எல்லா வீடுகளுக்கும் இது பொருந்துமா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

குழாயைவிடப் பாதை பெரிது

குடிநீர் அழுத்தத்தால் தள்ளப்பட்டு வருகிறது. ஆகவே அது மேடு ஏறும், பள்ளம் இறங்கும். கழிவுநீரை யாரும் தள்ளுவதில்லை. புவியீர்ப்பு ஒன்றே அதை இழுத்துச் செல்கிறது. எனவே வீட்டிலிருந்து தெரு வரை குழாய் ஒரே சீராகச் சரிந்து செல்ல வேண்டும். ஓர் அடி நீளத்திற்குக் கால் அங்குலச் சரிவு என்பது அமெரிக்காவில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. அதாவது 48 பங்கு நீளத்திற்கு ஒரு பங்கு இறக்கம். நம்முடைய 15 மீட்டர் குழாய்க்கு இது சுமார் 31 சென்டிமீட்டர் ஆகும். சரிவு குறைந்தால் நீரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் திடப்பொருள்கள் அடியில் தங்கிவிடும். நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்பது பொறியியலாரின் அனுபவக் கணக்கு.

ஆகவே மண்ணுக்கடியில் கிடப்பது வெறும் குழாய் மட்டுமன்று. அளந்து அமைத்த ஒரு சரிவுப் பாதையும் ஆகும். இந்த இரண்டில் எது விலையுயர்ந்தது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

15 மீட்டர் நீளமும், 1.5 மீட்டர் ஆழமும், 0.6 மீட்டர் அகலமும் உள்ள குழியின் கன அளவு 13.5 கன மீட்டர். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை சுமார் 1.7 டன் என்று கொண்டால், ஏறத்தாழ 23 டன் மண்ணை வாரி வெளியே போட்டு, பிறகு அதையே திருப்பி நிரப்ப வேண்டும். ஆனால் குழாயின் உள்ளே நீர் ஓடும் இடத்தின் கன அளவு எவ்வளவு? 0.12 கன மீட்டர்தான்! தேவையான இடத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் மண்ணைப் புரட்டுகிறோம். செலவின் பெரும்பகுதி குழாய்க்கன்று. அது கிடக்கும் இடத்தைச் சென்றடைவதற்கே ஆகிறது.

செலவைவிடப் பெரிய இழப்பும் உண்டு. செங்குத்தாக வெட்டிய குழியின் சுவர் முன்னறிவிப்பின்றிச் சரியக்கூடியது. ஒரு கன மீட்டர் மண் ஒரு காரின் எடைக்கு நிகரானது. அது மார்பின்மேல் விழுந்தால், தலை மண்ணுக்கு வெளியே இருந்தாலும் மனிதன் மூச்சுவிட முடியாது. இவ்வாறு குழி சரிந்து தொழிலாளர்கள் இறப்பது பல நாடுகளில் இன்றும் நிகழ்கிறது. அமெரிக்கச் சட்டப்படி 5 அடி அல்லது அதற்கு மேல் ஆழமுள்ள குழிகளுக்கு, கடினப் பாறையாக இருந்தாலன்றி, முட்டுக் கொடுத்தோ பக்கங்களைச் சரித்து வெட்டியோ பாதுகாப்புச் செய்ய வேண்டும். 5 அடி என்பது 1.5 மீட்டர், நம் குழாயின் ஆழமும் அதுவே என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கணக்கிலிருந்துதான் புதிய முறைகள் பிறந்தன. குழாய் கெட்டிருக்கலாம், ஆனால் அது கிடக்கும் பாதை கெடவில்லையே! அந்தப் பாதையை இழக்காமல் குழாயை மட்டும் புதுப்பித்தால் என்ன?

குழாய் ஏன் கெடுகிறது?

சுட்டமண் குழாய் எளிதில் அரிக்கப்படாதது. அமிலமும் காரமும் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அது குட்டையான துண்டுகளாக வருவது. ஒரு துண்டின் முனையை அடுத்த துண்டின் வாயில் செருகிச் சிமெண்டுக் கலவையால் பூசி இணைப்பார்கள். மண் சிறிது அசைந்தாலும் இந்தப் பூச்சு வெடித்துவிடும். வெடிப்பின் வழியே ஈரமும் உரச்சத்தும் கசியும். அந்த ஈரத்தை நாடி மரத்தின் மயிரிழை போன்ற வேர் உள்ளே நுழையும். நுழைந்த பிறகு அது பருத்துக் கிளைத்து, குழாய்க்குள் ஒரு துடைப்பம்போல் நிற்கும். காகிதமும் கொழுப்பும் அதில் சிக்கிக்கொள்ளும்.

வார்ப்பிரும்புக் குழாயின் நோய் வேறு. கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு எழுகிறது. குழாயின் மேற்புற ஈரத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் இரும்பைத் தின்னுகிறது.

அமெரிக்காவில் இன்னொரு விந்தைக் குழாயும் உண்டு. நியூயார்க் மாநிலத்திலுள்ள ஆரஞ்ச்பர்க் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் அது, மரக்கூழை நிலக்கரித் தாரில் ஊறவைத்துச் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகள் பெருகிய காலத்தில் மலிவு என்பதற்காக ஏராளமாகப் பதித்தார்கள். சில பத்தாண்டுகளில் அது மண்ணின் எடையால் நசுங்கி முட்டை வடிவமாகியது. அதன் சுவர் கொப்புளம் விட்டு உரிந்தது.

முதலில் பார்வை, பிறகு மருந்து

நோயாளியைப் பார்க்காமல் மருந்து கொடுக்கும் மருத்துவர் உண்டா? குழாய்க்கும் அப்படியே. நெகிழும் தண்டு ஒன்றின் முனையில் கட்டைவிரல் அளவுள்ள தொலைக்காட்சிக் கேமராவையும் சிறு விளக்குகளையும் பொருத்திக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். மேலே உள்ள திரையில் விரிசலும், வேரும், தேங்கிய நீரும் தெரிகின்றன. கேமராவுக்குப் பின்னால் ஒரு சிறிய அலைபரப்பியும் இருக்கும். தரைமேல் ஒருவர் அலைவாங்கியைக் கையில் பிடித்து நடந்து, கேமரா எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். ஒரே ஓர் இடத்தில்தான் பழுது என்றால் அங்கே மட்டும் சிறு குழி தோண்டிச் சரிசெய்துவிடலாம்; புதிய முறை எதுவுமே தேவைப்படாது. குழாய் நெடுகப் பழுது என்றால்தான் அடுத்த பேச்சு.

முதல் முறை: சட்டைக் கையைப் புரட்டுவது போல

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஹாக்னி என்னும் இடம் உண்டு. அங்கே சுமார் நூறாண்டுப் பழமையுள்ள செங்கல் சாக்கடை ஒன்று பழுதாகியிருந்தது. அது முட்டை வடிவமானது. நீர் குறைவாக ஓடும்போதும் குறுகிய அடிப்பாகத்தில் வேகமாக ஓடவேண்டும் என்பதற்காக அக்காலப் பொறியாளர்கள் கண்ட வடிவம் அது. 1971ஆம் ஆண்டில் எரிக் உட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் அச்சாக்கடையில் சுமார் 70 மீட்டர் நீளத்திற்குத் தோண்டாமலே புதிய உட்சுவர் அமைத்துக் காட்டினார். அவருடைய கண்டுபிடிப்புக்கு 1977இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 'இருந்த இடத்திலேயே வடிவம்' என்னும் பொருளுள்ள லத்தீன் சொற்களிலிருந்து அதற்கு 'இன்சிட்டுஃபார்ம்' என்று பெயர் வைத்தார்கள்.

முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. கம்பளிபோல் தடித்த, நெய்யாத பாலியெஸ்டர் துணியால் ஒரு நீண்ட குழல் தைக்கப்படுகிறது. அதன் வெளிப்புறத்தில் நீர் புகாத மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. இந்தத் துணிக்குழலுக்குள் செயற்கைப் பிசினை ஊற்றி, உருளைகளுக்கிடையே அழுத்தி, துணி முழுவதும் ஊறும்படி செய்கிறார்கள். பிசினோடு கடினமாக்கும் பொருளும் கலந்திருக்கும். ஊறிய துணியில் பிசின் உட்புறமும், பிளாஸ்டிக் பூச்சு வெளிப்புறமும் இருக்கும்.

ஆனால் நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. பிசின் பழைய குழாயின் சுவரோடு ஒட்ட வேண்டும். வழவழப்பான பூச்சு நீர் ஓடும் பக்கம் இருக்க வேண்டும். இதை எப்படிச் செய்வது? முழுக்கைச் சட்டையின் கையை நாம் உள்வெளியாகப் புரட்டுவதில்லையா? அதே தந்திரம்தான். துணிக்குழலின் ஒரு முனையை மடக்கி விளிம்பைக் குழாயின் வாயில் இறுகக் கட்டிவிடுகிறார்கள். பிறகு மடிப்புக்குள் நீரையோ காற்றையோ அழுத்தத்துடன் செலுத்துகிறார்கள். ஒரு மீட்டர் உயர நீர்த்தம்பம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அழுத்தம் தரும். சில மீட்டர் நீர்த்தம்பமே போதும். குழல் தன்னைத்தானே உள்வெளியாகப் புரட்டிக்கொண்டு குழாய்க்குள் முன்னேறுகிறது. துணி எங்கும் உரசி இழுபடுவதில்லை. புரளும் முனை மட்டுமே நகர்கிறது. ஆகவே சிறு வளைவுகளிலும் அது திரும்பிச் செல்லும். வீட்டுக் குழாய்களுக்குப் பெரும்பாலும் காற்றையே பயன்படுத்துகிறார்கள்.

இப்போது பிசின் தோய்ந்த துணி பழைய குழாயின் சுவரோடு அழுத்தப்பட்டுக் கிடக்கிறது. இனி அது இறுக வேண்டும். சுடுநீரோ நீராவியோ செலுத்தினால் பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலைபோல் ஆகி, சில மணி நேரத்தில் திரவம் திடமாகிவிடுகிறது. இது தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாவது போன்றதன்று. முட்டை வெந்து இறுகுவது போன்றது. மீண்டும் சூடாக்கினாலும் உருகாது. சில வகைகளில் வெப்பத்திற்குப் பதிலாகப் புற ஊதாக்கதிர் விளக்குகளைக் குழாய்க்குள் இழுத்துச் சென்று பிசினை இறுக்குகிறார்கள். முடிவில் கிடைப்பது இணைப்பே இல்லாத ஒரு குழாய். வேர் நுழைய வழியில்லை. பழைய குழாய் இங்கே வெறும் வார்ப்பு அச்சாகப் பயன்பட்டது, அவ்வளவே.

இவ்வாறு செய்தால் குழாயின் உள்விட்டம் குறைந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். குறையும். 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள உள்ளுறை இட்டால் 10 சென்டிமீட்டர் விட்டம் 9.4 ஆகும், நீர் ஓடும் பரப்பு 12 விழுக்காடு குறையும். ஆயினும் நீரின் ஓட்டம் பரப்பை மட்டும் பொறுத்ததன்று. சுவரின் சொரசொரப்பையும் பொறுத்தது. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889இல் வெளியிட்ட சமன்பாட்டில் இந்தச் சொரசொரப்புக்கு ஓர் எண் உண்டு. சுட்டமண் குழாய்க்கு அது 0.013 என்றும், புதிய உள்ளுறைக்கு 0.010 என்றும் கொண்டு கணக்கிட்டால், குறுகிய புதிய குழாய் பழையதைவிடச் சுமார் 10 விழுக்காடு அதிக நீரைக் கொண்டு செல்லும் என்று வருகிறது. சொரசொரப்பு குறைந்ததால் வந்த ஆதாயம், பரப்பு குறைந்ததால் வந்த நட்டத்தை ஈடுசெய்துவிடுகிறது.

இந்த உறை எத்தனை நாள் உழைக்கும்? பொதுவாக 50 ஆண்டு என்று கொண்டே வடிவமைக்கிறார்கள். ஹாக்னியில் 1971இல் இட்ட உறையிலிருந்து 1991இல் ஒரு துண்டை எடுத்துச் சோதித்தபோது, அது நல்ல நிலையிலேயே இருந்தது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாலியெஸ்டர் பிசினில் ஸ்டைரீன் என்னும் எளிதில் ஆவியாகும் பொருள் கலந்திருக்கிறது. இறுகும்போது வெளிப்படும் இந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, நீராவியால் இறுக்கும் இடங்களில் எழும் வெண்புகை வெறும் நீராவியன்று, பல வேதிப்பொருள்களின் கலவை என்று காட்டியது. அது சாக்கடை வழியே வீடுகளுக்குள்ளும் வரக்கூடும். வீட்டுக் கழிவுநீர்க் குழாய்களின் வளைவில் தேங்கி நிற்கும் நீர்தான் வாயு உள்ளே வராமல் தடுக்கும் கதவு. நெடுநாள் பயன்படுத்தாத குளியலறையில் இந்த நீர் வற்றிப்போயிருக்கும். ஆகவே வேலை தொடங்குமுன் ஒவ்வொரு வடிகால் வாயிலும் ஒரு குவளை நீர் ஊற்றிவைப்பது நல்லது. சன்னல்களையும் திறந்து வைக்க வேண்டும். வீட்டுக் குழாய்களில் ஸ்டைரீன் கலவாத எப்பாக்சிப் பிசினையும் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாம் முறை: உடைத்துக்கொண்டே இழுப்பது

1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பிரிட்டனின் எரிவாயுத் துறைக்கு ஒரு சிக்கல் எழுந்தது. நகரங்களின் அடியில் 3 அங்குலம், 4 அங்குல விட்டமுள்ள பழைய வார்ப்பிரும்பு வாயுக் குழாய்கள் பழுதாகிக் கிடந்தன. அவற்றின் உள்ளே உறையிட்டால் வழி குறுகிவிடும். எனவே பழைய குழாயை உள்ளிருந்தே பிளந்து, அதே இடத்தில் அதே அளவுள்ள புதிய குழாயை இழுத்துவிடும் முறையைப் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனமும் ஓர் ஒப்பந்த நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. வாயுக் குழாய்க்காகப் பிறந்த இந்த முறை விரைவில் கழிவுநீர்க் குழாய்க்கும் வந்து சேர்ந்தது.

நம் கற்பனை வீட்டில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். குழாயின் இரு முனைகளிலும், அதாவது வீட்டருகே ஒன்றும் தெரு ஓரத்தில் ஒன்றுமாக, இரண்டு குழிகள் வெட்டப்படுகின்றன. இடைப்பட்ட நிலம் தொடப்படுவதில்லை. பழைய குழாயின் வழியே ஓர் உறுதியான எஃகு வடம் செலுத்தப்படுகிறது. வடத்தின் ஒரு முனையில் கூம்பு வடிவமான எஃகுத் தலை. அதன் பின்னால் புதிய பாலிஎதிலீன் குழாய். மறுமுனைக் குழியில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இழுவை எந்திரம். வீட்டுக் குழாய்களுக்கான எந்திரங்கள் 20, 30 டன் விசையுடன் இழுக்க வல்லவை.

எந்திரம் இழுக்கத் தொடங்கியதும் கூம்பு பழைய குழாய்க்குள் புகுகிறது. ஆப்பு மரத்தைப் பிளப்பதுபோல, நீளவாட்டில் வரும் இழுவிசையைக் கூம்பு பக்கவாட்டு விசையாக மாற்றுகிறது. சுட்டமண், வார்ப்பிரும்பு, காங்கிரீட்டு ஆகியவை நசுக்கும் விசையைத் தாங்குமே தவிர, உள்ளிருந்து விரிக்கும் விசையைத் தாங்கமாட்டா. அவை நொறுங்கிச் சுற்றியுள்ள மண்ணுக்குள் தள்ளப்படுகின்றன. கூம்பு புதிய குழாயைவிடச் சற்றே பெரியது. ஆகவே பின்னால் வரும் குழாய் அதிக உராய்வின்றி நழுவி வருகிறது. மண் சற்று நெகிழ்ந்து கொடுக்குமானால் 10 சென்டிமீட்டர் குழாய் இருந்த இடத்தில் 15 சென்டிமீட்டர் குழாயையும் இழுத்துவிடலாம். உள்ளுறை முறையால் இது முடியாது.

புதிய குழாயாக எதையும் பயன்படுத்திவிட முடியாது. நீளமாக இருக்க வேண்டும், வளைய வேண்டும், உடைந்த ஓட்டுச் சில்லுகள் கீறினாலும் தாங்க வேண்டும். இத்தனைக்கும் ஏற்றது பாலிஎதிலீன். இங்கிலாந்தில் 1933இல் ஓர் ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராமல் கிடைத்த மெழுகு போன்ற பொருள் அது. 1953இல் ஜெர்மானிய வேதியியலார் கார்ல் சீக்லர் அதைக் குறைந்த அழுத்தத்திலேயே, அடர்த்தியும் உறுதியும் மிக்கதாகச் செய்யும் வழியைக் கண்டார். இதன் துண்டுகளைப் பசையால் ஒட்டுவதில்லை. இரு முனைகளையும் 200 பாகை செல்ஷியசுக்கு மேல் சூடான தகட்டில் வைத்து உருக்கி, தகட்டை எடுத்துவிட்டு ஒன்றோடொன்று அழுத்துகிறார்கள். ஆறியபின் இணைப்பு குழாயைப்போலவே உறுதியாக இருக்கும்.

இழுத்து முடித்த உடனே குழாயை வெட்டி இணைத்துவிடக் கூடாது. வெயிலில் கிடந்த குழாய் குளிர்ந்த மண்ணுக்குள் சென்றதும் சுருங்கும். 15 மீட்டர் நீளம் 10 பாகை குளிர்ந்தால் 2 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கக்கூடும். இழுத்தபோது நீண்ட நீட்சியும் மெல்லத் திரும்பும். ஆகவே முனைகளைச் சற்று நீளமாக விட்டுவைத்து, அது அமைதியடைந்தபின் இணைப்பவரே தேர்ந்த தொழிலாளி.

எந்த நோய்க்கு எந்த மருந்து?

இரண்டு முறைகளுமே பழைய பாதையைப் பயன்படுத்திக்கொள்கின்றன என்று கண்டோம். அவற்றின் வலிமை அதுவே. அவற்றின் குறையும் அதுவே. பாதை சரியாக இருந்தால் இவை அருமருந்து. பாதையே கோணலாகிவிட்டால் இவற்றால் பயனில்லை.

1. விரிசல், கசியும் இணைப்பு, வேர் ஆகியவை மட்டும் உள்ள குழாய்க்கு உள்ளுறை போதும். முதலில் வேர்களை வெட்டிக் குழாயை நன்கு கழுவ வேண்டும். இல்லையெனில் உறையில் சுருக்கம் விழும்.

2. குழாய் சிறியதாகப் போய்விட்டது என்றாலும், பல இடங்களில் நொறுங்கியிருந்தாலும், பிளந்து இழுக்கும் முறையே ஏற்றது. ஆனால் வடம் நுழையும் அளவுக்காவது வழி இருக்க வேண்டும். முற்றிலும் இடிந்து மூடிய இடத்தைத் தோண்டித்தான் திறக்க வேண்டும்.

3. நடுவில் மண் தாழ்ந்து குழாய் தொட்டில்போல் தொய்ந்திருந்தால், உள்ளுறையும் அதே தொய்வோடு இறுகிவிடும். உள்ளே எத்தனை வழவழப்பாக இருந்தாலும் அங்கே நீர் தேங்கும். பிளந்து இழுத்தாலும் தொய்வு பெரும்பாலும் நீங்காது. இதற்குத் தோண்டிச் சரிவைத் திருத்துவதே வழி.

4. வழியில் கிளைக் குழாய்கள் சேர்ந்தால், உறை அவற்றின் வாயை மூடிவிடும். கேமராவோடு சேர்ந்த சிறு வெட்டுக்கருவியை உள்ளே அனுப்பி அவற்றைத் திறக்க வேண்டும். பிளப்பு முறையில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு குழி தேவைப்படும்.

5. மேலே மரமோ பாதையோ இல்லை, ஆழமும் குறைவு என்றால், பழைய முறையில் தோண்டுவதே மலிவாக இருக்கலாம். புதியது என்பதற்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாகச் சொன்னதை வீட்டுக்காரர் அறியாவிட்டால், பெரும் பொருள் செலவிட்ட பிறகும் அடைப்பு அதே இடத்தில் வந்துகொண்டிருக்கும். கேமராப் படத்தில் ஓரிடத்தில் மட்டும் கேமரா நீரில் மூழ்கி எழுந்தால், அது தொய்வின் அடையாளம். அந்தப் படத்தைத் தம் கண்ணால் பார்த்த பிறகே வேலைக்கு ஒப்புக்கொள்வது அறிவுடைமை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

தோண்டும்போது தொழிலாளி பக்கத்துக் குழாயைக் கண்ணால் காண்கிறான். தோண்டாத முறையில் அந்தக் கண் இல்லை. பிளக்கும் கூம்பு தள்ளும் மண் அருகிலுள்ள வாயுக் குழாயையோ மின்கம்பியையோ நெருக்கக்கூடும். குழாய் மிக மேலாகக் கிடந்தால் தரையே சற்று எழும்பி, சிமெண்டுப் பாதை வெடிக்கும்.

இந்தக் குருட்டுத்தன்மை எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக் கெனோஷா நகரில், குழி தோண்டாமல் மண்ணைத் துளைத்து ஒரு பிளாஸ்டிக் வாயுக் குழாயைப் பதித்திருந்தார்கள். துளை நேராக ஒரு வீட்டின் கழிவுநீர்க் குழாயை ஊடுருவிச் சென்றது யாருக்கும் தெரியவில்லை. 1976இல் அந்தக் கழிவுநீர்க் குழாயின் அடைப்பை நீக்க எந்திரத் துரப்பணத்தைச் செலுத்தினார்கள். அது வாயுக் குழாயைக் கிழித்தது. வாயு சாக்கடை வழியே வீட்டிற்குள் புகுந்து வெடித்தது. வீடு அழிந்தது, இருவர் இறந்தனர்.

இதனால்தான் வேர் வெட்டும் முன்னரும் குழாய் பிளக்கும் முன்னரும் கேமரா உள்ளே செல்ல வேண்டும் என்கிறோம். அமெரிக்காவில் 811 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சொன்னால், நிலத்தடியில் ஓடும் பொதுக் குழாய்களையும் கம்பிகளையும் தரைமேல் வண்ணக் குறியிட்டுக் காட்ட ஏற்பாடு உண்டு. ஒரு குழி வெட்டுவதானாலும் இரண்டு வெட்டுவதானாலும் அதைச் செய்யாமல் மண்வெட்டியைத் தொடக்கூடாது.

வீட்டுக்காரரின் பங்கு

இந்தக் குழாய் யாருடையது? அமெரிக்காவின் பல ஊர்களில் வீட்டிலிருந்து தெருச் சாக்கடை வரை உள்ள குழாய் முழுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பே. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2011 அக்டோபர் முதல், வீட்டின் எல்லைக்கு வெளியே உள்ள பகுதியும், பல வீடுகள் சேர்ந்து பயன்படுத்தும் குழாய்களும் பெரும்பாலும் கழிவுநீர் நிறுவனங்களின் பொறுப்பாயின. எல்லைக்குள் தன் வீட்டுக்கு மட்டுமே உரிய குழாய் வீட்டுக்காரருடையதே. ஆகவே தீர்மானம் செய்ய வேண்டியவர் பொறியாளர் அல்லர். பொறியியல் அறியாத சாதாரண மனிதர்.

அவர் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். பழுது எங்கே, என்ன? சரிவு சரியாக இருக்கிறதா? பக்கத்தில் வேறு என்ன குழாய்கள் உள்ளன? இவற்றிற்கு விடை கிடைத்த பிறகு, எந்த முறை என்பது தானே விளங்கிவிடும். வேலை முடிந்ததும் கேமராவை மீண்டும் ஒரு முறை உள்ளே அனுப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். மண் மூடிய வேலையில் நம்பிக்கைக்கு உரிய சாட்சி அது ஒன்றே.

நம் கற்பனை வீட்டிற்குத் திரும்புவோம். சரிவு சரியாக இருந்தது; இணைப்புகளில் வேர் மட்டும் நுழைந்திருந்தது. உள்ளுறை இட்டார்கள். காலையில் தொடங்கிய வேலை மாலையில் முடிந்தது. 23 டன் மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. யாரும் ஆழக் குழியில் இறங்கவில்லை. மரம் நின்ற இடத்தில் நிற்கிறது. அதன் வேர்கள் இனி நீருக்கு வேறு இடம் தேட வேண்டியதுதான்.